நாவூறும் நுண்கணிதமும்

இந்த நாட்டில் ஒருவரைப் பாராட்டுவதற்குக் காரணம் எதுவும் தேவையில்லை. நான் வேலை செய்வது ரொறன்ரோவில் மில்லிக்கன் பக்கம், ஷாம்பு போத்தல்களுக்கு மூடி பூட்டுகிற ஒரு தொழிற்சாலையில். போத்தல் வரும், மூடியை வைத்து ஒரு திருகு, போத்தல் போகும். இதில் கெட்டித்தனம் காட்ட இடமே இல்லை. ஆனால் எங்கள் சூப்பவைசர் மார்த்தா ஒரு நாளைக்கு மூன்று தரமாவது என் பின்னால் வந்து நின்று "எக்ஸலன்ற்" என்பாள். சில நாட்களில் "பியூற்றிஃபுல்". வந்த புதிதில் ஒரு நாள் "யூ ஆர் எ ஸ்ரார்" என்று தோளில் தட்டினாள். தட்டிய கையோடு நாலைந்து மூடிகள் என் கையிலிருந்து நழுவி மேசைக்கு அடியில் உருண்டு போயின. நாவூறு எவ்வளவு கெதியாக வேலை செய்கிறது பாருங்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியதும் முதலில் கையில் எடுத்தது உப்புப் போத்தலைத்தான்.

பூங்காவிலும் இதே கதைதான். சறுக்கில் ஏறி உட்கார்ந்த பிள்ளை கீழேதான் வரும், வேறெங்கே போகும்? அதற்கும் தாய் கைதட்டி "குட் ஜொப்" என்கிறாள். பிள்ளை சூப்பைக் குடித்தால் குட் ஜொப், தும்மி முடித்தால் குட் ஜொப். ஊரில் இப்படி ஒரு தாய் தன் பிள்ளையைத் தானே தெருவில் வைத்துப் புகழ்ந்தால், அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அக்கம்பக்கத்தார் கூடிக் கதைத்திருப்பார்கள்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நல்லதை வாய்விட்டுச் சொன்னால் அந்தச் சொல்லே அதைக் கெடுத்துவிடும், அதுதான் நாவூறு. ஆகவே மற்றவர்கள் புகழ்ந்தால் பெற்றவர்கள் உடனே அதைத் தட்டிவிட வேண்டும். குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், "எங்கை, ஒண்டும் சாப்பிடுறேல்லை" என்று முகத்தைச் சுளிக்க வேண்டும். வீடு வடிவாக இருக்கிறது என்றால் கூரை ஒழுகுவதைக் காட்ட வேண்டும். இது பொய் இல்லை. மழைக்குக் குடை பிடிப்பது மாதிரி ஒரு காரியம். எல்லாரும் செய்வார்கள், எல்லாருக்கும் விளங்கும்.

என் அப்பா மானிப்பாய்ப் பக்கம் ஒரு உபதபாற் கந்தோரை நடத்தியவர். எனக்கு ஓ.எல். பரீட்சையில் கணிதத்துக்கு அதிவிசேட சித்தி வந்தபோது, பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஏ.எல். வகுப்பில் சேர்ப்பதற்கு என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் அதிபர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "உங்கடை மகள் நல்ல கெட்டிக்காரி. கணிதப் பிரிவிலை போடுவம்" என்றார். அப்பா பதறிப்போய்த் தலையை ஆட்டினார். "சீச்சீ, அப்பிடி ஒண்டுமில்லை ரீச்சர். ஏதோ அருந்தப்பிலை வந்தது. உவளுக்கு உந்தக் கணிதமெல்லாம் ஓடாது." அதிபர் அம்மா சிரித்துக்கொண்டே என் பெயரைக் கணிதப் பிரிவில் எழுதினார். அப்பாவும் அதை எதிர்பார்த்துத்தான் சொன்னார். வரும் வழியில் சைக்கிளை நிறுத்தி எனக்குக் குச்சி செருகிய ஒரு ஐஸ்பழம் வாங்கித் தந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த ஐஸ்பழம்தான் அவருடைய பாராட்டு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இனி எங்கள் தர்சினியிடம் வருகிறேன். ஒரே பிள்ளை. நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. இப்போது பதினேழு. பன்னிரண்டாம் வகுப்பு. இங்கே அதற்குப் பிறகும் ஓ.ஏ.சி. என்று ஒரு வருடம் இருக்கிறது, அதை முடித்துத்தான் பல்கலைக்கழகம். அந்த மாசி மாதம் அவள் ஒரு மஞ்சள் படிவத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அடுத்த வருடம் எந்தெந்தப் பாடங்களை எடுப்பது என்று குறித்துக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு பெட்டிக்கு அருகில் ஏ.பி. கல்குலஸ் என்று இருந்தது. பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிப்பிக்கிற நுண்கணிதத்தைப் பள்ளிக்கூடத்திலேயே படிப்பிக்கிற வகுப்பு அது. விருப்பமான எல்லாரும் சேர முடியாது, கணித ஆசிரியர் பரிந்துரைத்துக் கையெழுத்து வைக்க வேண்டும். பெற்றவர்களும் வைக்க வேண்டும்.

என் கணவர் ஒஷாவாவில் காருக்குப் பாகங்கள் செய்கிற இடத்தில் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் பின்நேரம் என்று அவருக்கு முறை மாறும். அன்று வீட்டில் இருந்தார். படிவத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எடுக்கட்டும், உதிலை என்ன யோசிக்கக் கிடக்கு?" என்றார்.

"அப்பா, இற்ஸ் நொற் தற் சிம்பிள்" என்றாள் தர்சினி. "நோர்மல் கிளாஸிலை இருந்தால் எனக்குத் தொண்ணூற்றைஞ்சு வரும். இதிலை எழுபத்தைஞ்சு வந்தாலும் வரும். யூனிவர்சிற்றி மார்க்ஸைத்தான் பாக்கும். காலமை முதல் மணிக்கு முந்தியே கிளாஸ். என்ரை ஃப்ரென்ட்ஸ் ஒருத்தரும் எடுக்கேல்லை."

"பிறகேன் படிவத்தைக் கொண்டுவந்து மேசையிலை வைச்சனி?"

பென்சிலால் அந்தப் பெட்டியைச் சுற்றி மெல்லிதாக ஒரு வட்டம் போட்டாள், பிறகு அழித்தாள். கணக்கு அவளுக்கு விளையாட்டு மாதிரி. பஸ்ஸுக்குள் இருந்து ஜன்னலில் விரலால் ஏதோ எழுதிக்கொண்டு வருவாள். கடினமான ஒன்றை முட்டிப் பார்க்க அவளுக்கு ஆசை. முட்டி விழுந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று பயம். இரண்டுமே அவளுடைய முகத்தில் தெரிந்தன.

எங்களுக்கு வேறொரு தடுமாற்றம். ஊரில் ஏ.எல். பிரிவு என்றால் ஒரு தரம் விழுந்தது விழுந்ததுதான். கணிதம் என்றால் கணிதம், உயிரியல் என்றால் உயிரியல், பிறகு திரும்ப முடியாது. இங்கே பிடிக்காவிட்டால் பாதியில் விட்டுவிடலாமாம். "எடுத்துப்போட்டு விடலாமாம். உது என்ன படிப்பு?" என்று இவர் இரண்டு நாட்கள் புறுபுறுத்துக்கொண்டிருந்தார். தர்சினி ஒரு முடிவும் சொல்லவில்லை. அடுத்த கிழமை பெற்றோர் சந்திப்பு இருக்கிறது, அதில் கணித ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம் என்றாள்.

அந்தக் கிழமை இவருக்குப் பின்நேர முறை. ஆகவே பெற்றோர் சந்திப்புக்குத் தர்சினியோடு நான்தான் போனேன். மடிப்புக் கலையாமல் வைத்திருந்த ஒரு சேலை, அதற்குமேல் முழங்காலுக்குக் கீழே வருகிற குளிர்கால ஜக்கற், காலில் பனிச் சப்பாத்து. பள்ளிக்கூட வாசல் கண்ணாடியில் என்னைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. உள்ளே ஒவ்வொரு ஆசிரியருக்கும் முன்னால் இரண்டு கதிரைகள். ஒரு குடும்பத்துக்குப் பத்து நிமிடம்.

கணித ஆசிரியர் மிஸ்ரர் டானியல்ஸ் உயரமான மனிதர். செந்நிறத் தாடி, கோட்டுக் கையில் வெண்கட்டித் தூள். எங்களைக் கண்டதும் எழுந்து நின்று எனக்குக் கைகொடுத்தார். உட்கார்ந்ததும் மார்க் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. நேரே என் முகத்தைப் பார்த்து, "உங்கள் மகள் நான் படிப்பித்த பிள்ளைகளில் மிகச் சிறந்தவர்களில் ஒருத்தி" என்றார். தர்சினி பக்கத்தில் கையைக் கோத்துக்கொண்டு இருந்தாள். "பிரில்லியன்ற்" என்று இன்னொரு தரம் சொன்னார்.

அந்த மண்டபத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்திருப்பார்கள். பக்கத்து மேசையில் ஒரு தாய் திரும்பிக்கூடப் பார்த்தாள். இத்தனை கண்ணும் இத்தனை காதும் இருக்கிற இடத்தில் என் ஒரேயொரு பிள்ளையைப் பற்றி இந்த மனிதர் இப்படிச் சத்தமாகச் சொல்கிறாரே! யோசிக்க நேரமில்லை. வாய் தானாகவே திறந்துகொண்டது.

"நோ, நோ, சேர். ஷீ வெரி லேஸி. ஹோமில் ஒன்லி ரிவி. ஒன்லி ரெலிபோன். மாத்ஸ், லக் ஒன்லி."

மிஸ்ரர் டானியல்ஸின் புருவம் உயர்ந்தது. தர்சினியைப் பார்த்தார். அவள் மேசையைப் பார்த்தாள். அவர் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, ஏ.பி. வகுப்பு அவளுக்கு அதிகச் சுமையாக இருக்குமென்று நினைக்கிறீர்களா என்று என்னிடம் கேட்டார். ஊர் அதிபர் அம்மாவின் சிரிப்பு இவருடைய முகத்திலும் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. சரி, இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

"வெரி டிஃபிகல்ற் ஃபொர் ஹேர், சேர். ஷீ நொற் தற் மச் கிளெவர்."

அவர் மெதுவாகத் தலையாட்டி, தன் கொப்பியில் ஏதோ எழுதினார். நேர்மையாகக் கதைத்ததற்கு நன்றி என்று மறுபடியும் கைகொடுத்தார். பெரிய ஆபத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு நான் வெளியே வந்தேன். ஸ்ரீல்ஸ் வீதியில் காற்று முகத்தை அறைந்தது. பஸ் வரும்வரைக்கும் தர்சினி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. குளிருக்கு வாயைத் திறக்க முடியாமல் நிற்கிறாள் என்று நினைத்து, என் சால்வையைக் கழற்றி அவளுடைய கழுத்தில் சுற்றிவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை, தர்சினி ஆசிரியரிடம் கொடுத்திருந்த அந்த மஞ்சள் படிவம் திரும்பி வந்தது. ஏ.பி. பெட்டி வெறுமையாக இருந்தது. சாதாரண கல்குலஸ் பெட்டியில் சரி அடையாளம். அதற்குக் கீழே மிஸ்ரர் டானியல்ஸின் சாய்ந்த எழுத்தில் ஒரு குறிப்பு: தாயாருடன் கதைத்த பின்னர், இதுவே பொருத்தம் என்று கருதுகிறேன். கையெழுத்து வைத்து வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

நான் அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன். இங்கிலிஸ் பிழையாக விளங்கிவிட்டதோ என்று தர்சினியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பிழை ஒண்டுமில்லை. நீங்கள் நான் கெட்டிக்காரி இல்லை எண்டு சொன்னனீங்கள். அவர் எழுதிப்போட்டார்." குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இற்ஸ் ஓகே அம்மா. நோர்மல் கிளாஸ் ஈஸி."

"அது சும்மா சொல்லுறது பிள்ளை! நாவூறு படக்கூடாதெண்டு சொல்லுறது. எல்லாருக்கும் தெரியும்தானே."

"ஆருக்கு? மிஸ்ரர் டானியல்ஸுக்குத் தெரியுமா?"

"அவருக்குத் தெரியாட்டில் விடு. உனக்குத் தெரியும்தானே."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு எப்பிடித் தெரியும்? எனக்கும் நீங்கள் ஒருநாளும் வேறமாதிரிச் சொன்னதில்லையே. நான் அண்டைக்குத்தான் முடிவெடுத்தனான். அவர் பிரில்லியன்ற் எண்டு சொன்ன உடனை, ஓகே, எடுப்பம் எண்டு நினைச்சனான். ஒரு பத்து செக்கன்ற் இருக்கும். பிறகு நீங்கள் கதைச்சனீங்கள்."

பத்துச் செக்கன். அவள் அதை எண்ணியே வைத்திருந்தாள்.

"என்ரை அப்பாவும் எனக்குச் சொன்னதில்லை" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "ஆனால் எனக்குத் தெரியும்."

"ஹௌ?"

"ஐஸ்பழம் வாங்கித் தந்தவர்."

அவளுக்கு அந்தக் கதையை முழுவதும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் நிற்க, அவள் கடைசியில் சிரித்துவிட்டாள். "அம்மா, அங்கை எந்த நாளும் சம்மர்தானே. வெயிலுக்கு வாங்கித் தந்திருப்பார்."

நானும் சிரித்தேன். ஆனால் அன்று பின்னேரம் முழுவதும் பருப்பைக் கிண்டிக்கொண்டு நின்றபோது அதையே யோசித்தேன். வெயில் கடும்தான் அன்று. சைக்கிள் பாரில் தொடை சுட்டது எனக்கு நினைவிருக்கிறது. இருபத்தைந்து வருடங்களாக நான் ஒரு ஐஸ்பழத்தின்மேல் ஒரு தகப்பனின் முழு அபிப்பிராயத்தையும் ஏற்றி வைத்திருக்கிறேன். அவரிடம் கேட்கவும் இப்போது வழியில்லை. அவர் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும் என்று முதல் தரமாக நினைத்தேன், நினைத்ததும் துக்கமாக இருந்தது.

இவர் வேலையால் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தால், கதிரையில் இருந்து வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் போயிருந்தால் இன்னும் மோசமாய்ச் சொல்லியிருப்பன். அவள் பாஸ் பண்ணுறதே ஐமிச்சம் எண்டு சொல்லியிருப்பன்." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு படிவத்தைப் பார்த்தார். "நீர்தான் போகவேணும். கெடுத்த வாய்தான் திருத்த வேணும்."

மகளைப் புகழுவதற்கு எனக்கு ஒரு நாள்தான் அவகாசம் இருந்தது. வியாழக்கிழமை தொழிற்சாலையில் மூடி பூட்டிக்கொண்டே பழகிப் பார்த்தேன். ஒரு போத்தலுக்கு "ஷீ இஸ் கிளெவர்". அடுத்த போத்தலுக்கு "ஷீ இஸ் வெரி கிளெவர்". ஒவ்வொரு தரமும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. களவெடுக்கப் பழகுவது மாதிரி இருந்தது. மார்த்தா வந்து யாருடன் கதைக்கிறாய் என்று கேட்டாள். விசயத்தைச் சொல்லி, வெள்ளிக்கிழமை காலமை அரை நாள் விடுமுறை கேட்டேன். அவளுக்கு விடுமுறை விளங்கியது, மற்றது விளங்கவில்லை.

"உன் மகளைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும், அவ்வளவுதானே?"

"யேஸ்."

"அதற்கு ஏன் பயிற்சி?"

நான் அடுத்த மூடியைத் திருகினேன். அவள் நான் பூட்டிய போத்தலைத் தூக்கிப் பார்த்து "எக்ஸலன்ற்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பழக்கதோசம்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் மணிக்கு முன்னரே நானும் தர்சினியும் மிஸ்ரர் டானியல்ஸின் வகுப்பறை வாசலில் நின்றோம். அவள் வர மாட்டேன் என்றுதான் நின்றாள். இங்கிலிஸ் தடக்கினால் எனக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் கோப்பியைக் கையில் வைத்தபடி கதவைத் திறந்தார்.

"சேர்," என்றேன், "லாஸ்ற் ரைம் ஐ ரெல் யூ லை."

பாவம் மனிதர். கோப்பியை மேசையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, தணிந்த குரலில், வீட்டில் ஏதாவது பிரச்சினையா, ஆலோசகரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். நான் என் மகளை அடிக்கிறேன் என்றோ, புருஷன் குடிக்கிறார் என்றோ நினைத்திருக்க வேண்டும். தர்சினி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"நோ பிரொப்ளம், சேர். ஷீ நொற் லேஸி. ஷீ..." நேற்று முழுக்கப் பழகிய சொல் அந்த நேரம் பார்த்து வர மறுத்தது. சுவரில் தொங்கிய ஒரு முக்கோணப் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "ஷீ இஸ் கிளெவர். வெரி கிளெவர். மை டோற்றர்."

கூரை இடிந்து விழவில்லை. அதற்குப் பிறகு எனக்கு என்ன நடந்ததென்று தெரியாது. ஒரு குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. இங்கிலிஸ் இரண்டு வசனத்தில் முடிந்துபோக, தமிழில் தொடங்கிவிட்டேன். எங்கள் முதல் குளிர்காலத்தில் நான் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனது, மாறும் இடத்தில் அரை மணித்தியாலம் விறைத்துக்கொண்டு நின்றது, பதினொரு வயது தர்சினி ஒரு சனிக்கிழமை முழுவதும் நிலத்தில் பஸ் நேர அட்டவணைகளைப் பரப்பி வைத்துக் கணக்குப் பார்த்தது, எந்த பஸ்ஸை விட்டு எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதித் தந்தது, அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் நாலு நிமிடத்துக்கு மேல் குளிரில் நிற்காதது. அந்தத் துண்டு இன்னும் என் கைப்பைக்குள் இருக்கிறது என்று சொல்லி, எடுத்தும் காட்டினேன்.

மிஸ்ரர் டானியல்ஸ் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தர்சினியைப் பார்த்தார். அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

தர்சினியின் முகம் சிவந்துபோயிருந்தது. "ஷீ செய்ஸ்..." என்று இழுத்தாள். "ஷீ செய்ஸ் ஐ'ம் ஓகே."

"அப்பிடி நான் சொல்லேல்லை" என்றேன். "ஒழுங்காய்ச் சொல்லு."

"அம்மா, பிளீஸ். என்னைப் பற்றி நானே எப்பிடிச் சொல்லுறது?"

"இப்ப விளங்குதா எனக்கு எவ்வளவு கஸ்ரமெண்டு? சொல்லு."

அவள் சொன்னாள். முதலில் தரையைப் பார்த்து, பிறகு பலகையைப் பார்த்து, பஸ் கதைக்கு வந்தபோது அவரையே பார்த்துச் சொன்னாள். ஒரு வசனத்தையும் விடவில்லை என்று நான் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நான் சொன்னதைத் தன் வாயால் தானே சொல்ல நேர்ந்தபோதுதான் அதை அவள் நம்பினாள் என்று எனக்குப் பட்டது.

மிஸ்ரர் டானியல்ஸ் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒரு வேலை செய்தார். நாங்கள் கொண்டுபோன படிவத்தை வாங்கி, என்னிடம் தராமல் அவளிடம் நீட்டினார். தான் சொல்வதைக் கேட்டாகிவிட்டது, அம்மா சொல்வதையும் இரண்டு தரம் கேட்டாகிவிட்டது, உனக்கு என்ன விருப்பம் என்று கேட்டார்.

எங்கள் ஊரில் இந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. அப்பா கதைத்தார், அதிபர் அம்மா எழுதினார், நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். எடு பிள்ளை என்று சொல்ல எனக்கு நாக்குத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கம்மென்று இருந்தேன்.

"எழுபத்தைஞ்சு வந்தால்?" என்று அவள் என்னைத் தமிழில் கேட்டாள்.

"வந்தால் வரட்டும்."

"ஐம்பது வந்தால்?"

"ஐம்பது வந்தால் மற்ற ஆக்களுக்கு உண்மையாவே நீ கெட்டிக்காரி இல்லையெண்டு சொல்லலாம். எனக்கு வேலை சுகம்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பேனையை வாங்கி, சாதாரண வகுப்பின் அடையாளத்தை ஒரு கோட்டால் வெட்டி, மற்றப் பெட்டியில் தன் கையாலேயே ஒரு சரி போட்டாள். மிஸ்ரர் டானியல்ஸ் பக்கத்தில் கையெழுத்து வைத்தார். நான் கீழே என் பெயரைத் தமிழில் எழுதினேன், எனக்கு அதுதான் கையெழுத்து. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடியில் இருந்த இளஞ்சிவப்புப் பிரதியைக் கிழித்து எங்களிடம் தந்தார்.

பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்கத்துப் பிளாசாவில் ஒரு சின்னக் கடை இருக்கிறது. மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. குளிர்பெட்டிக்குள் தேடி ஒரு ஐஸ்பழம் எடுத்து அவளிடம் கொடுத்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"இது வெயிலுக்கு இல்லை" என்றேன்.

"தெரியும்" என்றாள். கையுறை போட்ட கையால் அதைப் பிடித்துக்கொண்டு, பல்லுக் கூசக் கூச, பனிக்குள் நின்று முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் ஒரு நல்ல கனேடியத் தாயாகியிருப்பேன். ஆனால் பின்னேரம் வேலையால் வந்து தேத்தண்ணியை வாயில் வைத்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நானே சொல்லியிருக்கிறேன். பெற்ற தாயின் வாயால், இரண்டு மொழியில், ஆதாரத்தோடு. தாயின் நாவூறுதான் பொல்லாதது என்பார்கள். தர்சினி பள்ளிக்கூடத்தால் வரும்போதே இரண்டு தரம் தும்மிக்கொண்டு வந்தாள். ஐஸ்பழத்தின் வேலை என்று இவர் சொன்னார். நான் கேட்கவில்லை. அவளைக் கிழக்குப் பார்க்க உட்கார வைத்து, மூன்று செத்தல் மிளகாயும் ஒரு பிடி உப்பும் எடுத்து, தலையைச் சுற்றி மூன்று தரம் சுற்றினேன். ஊரில் என்றால் அடுப்பு நெருப்பில் போட்டிருப்பேன். இங்கே மின்னடுப்பு. தாச்சியைச் சிவக்கச் சூடாக்கி அதற்குள் போட்டேன்.

இந்த அப்பாட்மென்ற்களைக் கட்டியவர்களுக்கு நாவூறு பற்றி ஒன்றும் தெரியாது. கூரையில் புகை அலாம் கதறத் தொடங்கியது. இவர் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார். நான் கதிரையில் ஏறி நின்று, கைக்கு எட்டிய ஒரு தாளை எடுத்து அலாமுக்குக் கீழே விசிறு விசிறென்று விசிறினேன். விசிறும்போதுதான் கவனித்தேன், அது காலையில் கொண்டுவந்த இளஞ்சிவப்புப் பிரதி. ஜன்னலால் பனிக் காற்று உள்ளே வந்தது, தாச்சியிலிருந்து மிளகாய் நெடி வந்தது. மூன்று பேரும் கண்ணீர் வழிய இருமினோம்.

அலாம் நின்றது. தர்சினி இருமி முடித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"அம்மா, நாவூறு இருந்தால் நெடி வராது எண்டுதானே சொல்லுவியள்?"

"ஓம்."

"இவ்வளவு நெடி வந்திருக்கு. அப்ப நாவூறு இல்லை. நீங்கள் சொன்னதாலை எனக்கு ஒண்டும் நடக்கேல்லை."

நான் கதிரையில் நின்றபடியே யோசித்துப் பார்த்தேன். நுண்கணிதக்காரி. ஒரு இடத்திலும் பிழை பிடிக்க முடியவில்லை.

"அப்ப இன்னொருக்காச் சொல்லுங்கோவன்" என்றாள். "இந்தமுறை தமிழிலை. என்னைப் பாத்து."

நான் இவரைப் பார்த்தேன். "இஞ்சேருங்கோ, இன்னும் மூண்டு மிளகாய் எடுத்து வையுங்கோ" என்றேன். அவர் எடுத்து வைத்தார். பிறகு கதிரையிலிருந்து இறங்கி, என் மகளின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.